எடை மேடையும் டிராயிங்கும்: 24 கேபிள் ட்ரே தூண்களின் எடைக் கணக்கு

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் 24 கேபிள் ட்ரே தூண்கள், அதாவது மின் கேபிள் தட்டுகளைத் தாங்கும் இரும்புத் தூண்கள், செய்து முடித்திருந்தார்கள். ஒரு தூணின் எடை 103.9 கிலோ என்று, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் போட்ட டிராயிங்கில் இருந்த பாகங்கள் அட்டவணை சொன்னது. அப்படியானால் 24 தூணுக்கு 2,493.6 கிலோ. ஜிங்க் பூச்சுக்கு அனுப்பும் முன் லாரியை எடை மேடையில் ஏற்றினார்கள். வெற்று லாரியின் எடையைக் கழித்ததும் சீட்டில் வந்தது 2,810 கிலோ.

போல்ட்கள் அந்த லாரியில் போகவில்லை, தனிப் பெட்டியில் ஷாப்பிலேயே இருந்தன. அவற்றையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது.

இந்த மாதிரி வேலைக்குப் பணம் கிலோ கணக்கில்தான். ஒப்பந்தத்தில் வழக்கமான அந்த வரி இருந்தது: டிராயிங் எடை, எடை மேடை எடை, இரண்டில் எது குறைவோ அதற்கே பில். எனவே டிராயிங் குறைத்துச் சொன்ன ஒவ்வொரு கிலோவும் ஷாப்பின் கையிலிருந்து போகிறது. ஜிங்க் போடுபவரோ நிஜ எடைக்குத்தான் கூலி வாங்குவார். முதலாளி டிராஃப்ட்ஸ்மேனைக் கூப்பிட்டு, "தம்பி, முன்னூறு கிலோ இரும்பை நான் சும்மா கொடுத்துட்டேனா?" என்று கேட்டார். பையன் அட்டவணையை மறுபடி கூட்டிப் பார்க்கிறேன் என்று போனான். அரை மணி நேரம் கழித்து வந்து, "அண்ணே, ஆட்டோகேடே கூட்டினதுதான், அது சரியாத்தான் இருக்கும்" என்றான். அதன் பிறகுதான் ஃபைல் என்னிடம் வந்தது.

முதலில் சந்தேகப்பட்டவை

இப்படி எடை கூடிவிட்டால் ஷாப்பில் எல்லோரும் மூன்று காரணங்களை வைத்திருப்பார்கள்: ரோலிங்கில் (ஆலையில் உருட்டும்போது) இரும்பு தடித்து வந்துவிட்டது, வெல்டிங் எடை, எடை மேடையே சரியில்லை.

எடை மேடையை உடனே விட்டுவிடலாம். அது 10 கிலோ படியாகத்தான் எடை காட்டும். இரண்டு தடவை எடை போட்டாலும் 20 கிலோவுக்குள் பிசகும், 300 வராது. ரோலிங் வேறுபாட்டுக்கு ஐஎஸ் 1852 என்ற இந்தியத் தர விதி வரம்பு வைத்திருக்கிறது, அதுவும் சில சதவீதம்தான். இங்கே வித்தியாசம் 12 சதவீதத்துக்கு மேல்.

வெல்டிங்கைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 6 மில்லிமீட்டர் ஃபில்லட் வெல்டின் (மூலையை முக்கோணமாக நிரப்பும் வெல்ட்) குறுக்குப் பரப்பு 18 சதுர மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு 18 கன சென்டிமீட்டர், அதாவது 0.141 கிலோ. இந்தத் தூணில் வெல்ட் நீளத்தை டிராயிங்கிலிருந்து கூட்டினால் சுமார் எட்டரை மீட்டர் வருகிறது. தூணுக்கு 1.2 கிலோ, 24-க்கு 29 கிலோ. வித்தியாசத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் இந்த 29-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஜிங்க் இந்தக் கணக்கில் வரவே வராது, ஏனென்றால் எடை போட்டது பூச்சுக்கு முன்னால். பூச்சு முடிந்து திரும்பியபோது சீட்டு 2,870 என்றது. 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிப்புள்ள இரும்புக்கு ஐஎஸ் 4759 சதுர மீட்டருக்கு 610 கிராம் கேட்கிறது. ஒரு தூணின் மேற்பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். 24 தூணுக்கு 60 கிலோ. சீட்டு கூடியதும் அதே 60. எடை மேடை நன்றாகவே வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆக, கோளாறு அட்டவணைக்குள்தான் இருக்க வேண்டும்.

அட்டவணையில் அச்சாகியிருந்தது

ஆட்டோகேட் டேபிளில் தலைப்பு முதல் வரிசை, காலம்களின் (நெடுவரிசைகளின்) பெயர்கள் இரண்டாம் வரிசை, பாகங்கள் மூன்றாம் வரிசையிலிருந்து தொடங்கும். டி காலம் எண்ணிக்கை, ஈ ஒன்றின் எடை, எஃப் மொத்த எடை. ஐஎஸ்எம்சி என்பது சேனல் இரும்பு, ஐஎஸ்ஏ என்பது ஆங்கிள் இரும்பு, கஸட் மூலையைத் தாங்கும் தகடு, கிளீட் இணைப்புத் துண்டு, பிரேஸ் சாய்வுத் தாங்கி. அளவுகள் மில்லிமீட்டரில், எடை கிலோவில். டிராயிங்கில் இருந்தது இப்படி:

வரிசை 3: தூண், ஐஎஸ்எம்சி 150, நீளம் 2800 — 1 × 45.9 = 45.9
வரிசை 4: கை, ஐஎஸ்எம்சி 100, நீளம் 900 — 4 × 8.3 = 33.2
வரிசை 5: பேஸ் பிளேட், 300 × 300 × 20 — 1 × 14.13 கேஜி = 14.13 கேஜி
வரிசை 6: கஸட், 150 × 150 × 10 — 4 × 1.8 = 7.2
வரிசை 7: முனை மூடி, 100 × 50 × 6 — 4 × 0.2 = 0.8
வரிசை 8: கிளீட், ஐஎஸ்ஏ 50 × 50 × 6, நீளம் 80 — 8 × 0.4 = 3.2
வரிசை 9: பிரேஸ், ஐஎஸ்ஏ 65 × 65 × 6, நீளம் 1100 — 2 × 6.4 = 12.8
வரிசை 10: எம்12 போல்ட், நட், இரண்டு வாஷர் — 8 செட் × 0.1 = 0.8
மொத்தம்: 103.9

கையால் கூட்டிப் பாருங்கள். 118.03 வருகிறது. அட்டவணை 103.9 என்கிறது. இடைவெளி 14.13, பேஸ் பிளேட்டின் எடை அப்படியே.

பேஸ் பிளேட் போன வழி

இந்தத் தப்பு வந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது இந்த ஒரு ஷாப்போடு நிற்கிற விஷயம் இல்லை.

ஆட்டோகேட் டேபிளில் சூத்திரங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. பெருக்கல், கூட்டல் குறிகளால் எழுதும் சூத்திரத்தில் ஒரு செல் காலியாக இருந்தாலோ, எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தாலோ விடை வராது. செல் முழுக்க நாலைந்து கட்டக் குறிகள் (####) வந்து நிற்கும். பார்த்ததும் தெரிந்துவிடும். கூட்டும் சம், சராசரி எடுக்கும் ஆவரேஜ், எண்ணிச் சொல்லும் கவுண்ட் ஆகிய மூன்றும் அப்படி இல்லை. எண்ணாக இல்லாத செல்லை அவை சத்தமில்லாமல் தாண்டிப் போகும். எச்சரிக்கை எதுவும் வராது. இது பிழை அல்ல, மென்பொருள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது, அதன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டு டேபிள் போடுகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

பேஸ் பிளேட் வரிசையைப் பழைய டிராயிங் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். அங்கே ஈ5 செல்லில் எண்ணோடு கேஜி என்ற அலகும் சேர்ந்தே தட்டச்சாகியிருந்தது. ஆட்டோகேடுக்கு அது எண் இல்லை, எழுத்து. டி5-ஐ ஈ5-ஆல் பெருக்கும் சூத்திரம் எஃப்5-இல் இருந்தது, அது கட்டக் குறிகளைக் காட்டியிருக்கும். அப்போது டிராஃப்ட்ஸ்மேன் செய்திருக்கக்கூடியது ஒன்றுதான். எண்ணிக்கை ஒன்று, எனவே மொத்தமும் அதே 14.13. சூத்திரத்தை அழித்துவிட்டு எஃப்5-இல் நேராக 14.13 கேஜி என்று அடித்துவிட்டார். கட்டக் குறிகள் போய்விட்டன, அட்டவணை சுத்தமாகிவிட்டது. உண்மையில் போனது எச்சரிக்கை மட்டும்தான். அடியில் இருந்த சம் அந்தச் செல்லைத் தாண்டிக் கூட்டி 103.9 போட்டது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை, ஃபைலே காட்டிக்கொடுத்தது. சூத்திரம் உள்ள செல்களுக்குப் பின்னால் திரையில் மங்கிய சாம்பல் நிறம் தெரியும், அச்சில் வராது. எஃப் காலத்தின் பாக வரிசைகளில் ஏழு செல்கள் சாம்பலாக இருந்தன, எஃப்5 மட்டும் வெறுமையாக இருந்தது. அச்செடுத்த தாளை எத்தனை பேர் சரிபார்த்தாலும் இது தெரிய வழியில்லை. அந்தத் தாளில் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என மூன்று கையெழுத்து இருந்தது. மூவரும் எண்ணைப் பார்த்தார்களே தவிர, கூட்டிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் கூட்டியதை யார் கூட்டிப் பார்ப்பார்கள்?

24 தூணுக்கு இந்த ஒரு செல் 339.12 கிலோ.

இதோடு முடிந்ததா

முடிந்தது என்றுதான் முதலாளி நினைத்தார். 103.9-ஓடு 14.13 சேர்த்தால் 118.03. 24-ஆல் பெருக்கினால் 2,832.7 கிலோ. எடை மேடையின் 2,810-ஓடு பெட்டியில் இருந்த 15 கிலோ போல்ட்டையும் சேர்த்தால் 2,825. வித்தியாசம் எட்டு கிலோகூட இல்லை, அரை சதவீதத்துக்கும் கீழே. "பாத்தீங்களா, ஒரே ஒரு செல்தான்" என்று ஃபைலை மூடச் சொல்லிவிட்டார்.

எனக்கு அங்கேதான் இடித்தது. வெல்டிங்கின் 29 கிலோ இந்த அட்டவணையில் எங்கேயும் இல்லை. வெல்ட் எடை சேராத ஒரு கணக்கு வெல்ட் செய்த பொருளின் எடையைவிடக் குறைவாக வந்தால் சரி. கூடுதலாக வருகிறதே, எப்படி? பேஸ் பிளேட்டைத் தவிர வேறு ஏதோ ஒரு வரிசை எடையை ஏற்றிச் சொல்கிறது.

வரிசை வரிசையாகப் போட்டுப் பார்த்ததில், பேஸ் பிளேட்டைத் தவிர மற்ற ஏழு வரிசையிலும் ஏதாவது ஒரு பிசகு இருந்தது. பேஸ் பிளேட்டின் 14.13 மட்டும்தான் துல்லியமான எண். கூட்டலில் விழாமல் போனதும் அது ஒன்றுதான்.

சேனல்களின் மீட்டர் எடை பழைய கைப்புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஐஎஸ்எம்சி 100-க்கு 9.2, ஐஎஸ்எம்சி 150-க்கு 16.4 என்று அதில் இருக்கும். சேனல், ஆங்கிள் அளவுகளுக்கான தர விதியான ஐஎஸ் 808-இன் 1989 பதிப்பில் இவை 9.56, 16.8. பல ஷாப்களில் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட் இன்னும் பழையதுதான். 16.8-ஐ வைத்தால் தூணின் நிமிர்ந்த சேனல் மட்டும் 47.04 கிலோ, அட்டவணையில் 45.9. கை ஒன்று 8.604, நாலும் சேர்ந்து 34.42, அட்டவணையில் 33.2. இந்த இரண்டு வரிசையால் மட்டும் 24 தூணுக்கு 56.5 கிலோ குறைவு.

கஸட் இதற்கு நேர்மாறு. அது செங்கோண முக்கோணம், ஆனால் அட்டவணை 150 × 150 சதுரத்தின் எடையைப் போட்டிருக்கிறது. முழுச் சதுரம் 1.766 கிலோ, முக்கோணம் 0.883. சுற்றியிருக்கும் செவ்வகத்துக்குக் கணக்குப் போடும் வழக்கம் சில ஒப்பந்தங்களில் உண்டு, வெட்டியெறியும் இரும்புக்கும் சேர்த்துப் பணம் என்ற நியாயத்தில். ஆனால் ஒரு சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கஸட் கிடைக்கும், வீணாவது வெட்டுத் தடிப்பு மட்டும்தான். ஷாப்பும் அப்படித்தான் வெட்டியிருந்தது. ஒரே சதுரத்துக்கு இரண்டு முறை பில் போடுவது என் கணக்கில் நியாயம் இல்லை. 24 தூணுக்கு இது 88 கிலோ கூடுதல்.

மிச்சமெல்லாம் தசமம் வெட்டியதால் வந்தது. ஒன்றின் எடையைக் கால்குலேட்டரில் போட்டு, ஒரு தசமத்துக்கு முழுமையாக்கி, அதைத் தட்டச்சு செய்து, அப்புறம் எண்ணிக்கையால் பெருக்கியிருக்கிறார்கள். கிளீட்டின் எடை 0.36, போட்டது 0.4. முனை மூடி 0.2355, போட்டது 0.2. போல்ட் செட் 0.078 அளவில் இருக்கும், போட்டது 0.1. ஒரு கிளீட்டில் 40 கிராம் என்பது ஒன்றுமே இல்லை. 192 கிளீட்டுக்கு 7.7 கிலோ. இந்த வேலையில் ஒன்று கூடி இன்னொன்று குறைந்ததால் பெரிய சேதம் இல்லை. சிறு துண்டுகளே ஆயிரக்கணக்கில் போகும் கேபிள் கிளாம்ப் மாதிரி வேலையில் அட்டவணை எவ்வளவு தூரம் பிசகும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

எல்லாவற்றையும் திருத்தினால் ஒரு தூண் 116.32 கிலோ, 24-க்கு 2,791.8. போல்ட்டை நீக்கினால் 2,776.8. அதோடு வெல்ட் 29 சேர்த்தால் 2,806. எடை மேடை 2,810, அதுவும் 10 கிலோ படியில். இப்போது ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு இருக்கிறது.

முதலாளி மூடச் சொன்ன அந்த 2,832.7-ஐ இப்போது திரும்பப் பாருங்கள். கஸட்டில் கூடிய 88 கிலோ, சேனலில் குறைந்த 56 கிலோவை விழுங்கிவிட்டு, மீதியில் வெல்டின் எடையையும் தற்செயலாக நிரப்பிவிட்டது. எண் பொருந்தியது, கணக்கு தப்பு. இந்த ஷாப்பில் பல வருடமாக இதே சார்ட்டும் இதே கஸட் பழக்கமும்தான். ஒன்றையொன்று சமன் செய்துகொண்டே வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பேஸ் பிளேட் செல் மாதிரி ஒன்று வெடித்தபோதுதான் மற்றதும் வெளியே வந்தது. கஸட் இல்லாத ஒரு வேலையோ, சேனலே இல்லாமல் முழுக்க பிளேட்டாக ஒரு வேலையோ வந்திருந்தால் இந்தச் சமநிலை குலைந்திருக்கும்.

மொத்தம் எடை மேடையோடு ஒத்துப்போனால் அட்டவணை சரி என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் எல்லா ஷாப்பிலும் இருக்கிறது. வெல்டுக்கு எவ்வளவு, பூச்சுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, அந்த அளவுக்கு ஒத்துப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வழக்கம். அச்சு அசலாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம் வரும்.

அட்டவணையை மாற்றிய விதம்

எடையை யாரும் தட்டச்சு செய்யக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்தோம். நீளம், மீட்டருக்கு எடை, எண்ணிக்கை, வடிவக் காரணி என்று நாலு காலம். இவற்றில் மட்டும்தான் கை படும். மற்றதெல்லாம் சூத்திரம். பிளேட்டுக்கு மீட்டர் எடை எங்கிருந்து வரும் என்று பையன் கேட்டான். பிளேட்டை அகலமான பட்டையாக நினைத்தால் போதும்: அகலம் × தடிப்பு × 0.00785. பேஸ் பிளேட்டுக்கு 300 × 20 × 0.00785 என்றால் மீட்டருக்கு 47.1 கிலோ. நீளம் 0.3 மீட்டர், எனவே 14.13. கஸட்டுக்கு மீட்டருக்கு 11.775, நீளம் 0.15, வடிவக் காரணி 0.5. மற்ற எல்லாவற்றுக்கும் காரணி 1. இப்படிச் செய்ததில் சேனலுக்கு ஒன்று, பிளேட்டுக்கு ஒன்று என்று வெவ்வேறு சூத்திரம் தேவைப்படவில்லை. விலைக்கு வாங்கும் போல்ட் வரிசை மட்டும் விதிவிலக்கு, அதில் ஒரு செட் எடையை மூன்று தசமத்தில் போடுகிறோம்.

தசமத்தை வெட்டும் வேலையைச் செல்லின் காட்சி அமைப்பிடம் விட்டாயிற்று. உள்ளே 8.604 இருக்கும், வெளியே 8.6 தெரியும், பெருக்கல் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும். இதனால் ஒரு சின்னத் தொல்லையும் உண்டு. தாளில் தெரியும் எண்களைக் கையால் பெருக்கிப் பார்ப்பவருக்குக் கடைசி இலக்கம் ஒட்டாது. பில்லிங் இன்ஜினியர் நிச்சயம் கேட்பார் என்பதால், எடைகள் முழுமையாக்கும் முன்னரே பெருக்கப்பட்டவை என்று அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு போட்டோம்.

அடுத்தது கூட்டல். சம் எழுத்தைத் தாண்டிப் போகும் என்று தெரிந்த பிறகு இரண்டு வழி இருக்கிறது. சம்மை விட்டுவிட்டு எஃப்3 கூட்டல் எஃப்4 கூட்டல் என்று நீளமாக எழுதலாம். எங்கேயாவது எழுத்து புகுந்தால் மொத்தமே கட்டக் குறியாகிக் கத்தும். எட்டு வரிசைக்கு இது போதும், எண்பது வரிசைக்கு ஆகாது. இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடித்தது: அதே வரம்புக்கு கவுண்ட் சூத்திரம் ஒன்றைப் பக்கத்துச் செல்லில் போடுவது. கவுண்டும் எழுத்தைத் தாண்டும் என்பதால், பாகங்கள் எட்டு இருக்கும்போது அது ஏழு காட்டினால் ஒரு வரிசை கூட்டலில் விழவில்லை என்று அர்த்தம். கடைசி வரிசைக்குக் கீழே புது வரிசை சேர்த்து, வரம்பை நீட்ட மறந்துபோனாலும் இதே செல் காட்டிக்கொடுக்கும். பழைய அட்டவணையில் இந்த ஒரு செல் இருந்திருந்தால் 339 கிலோ தப்பு அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

எஃப் காலம் முழுவதையும் உள்ளடக்கப் பூட்டில் வைத்தாயிற்று. பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் திறந்துவிடுவார்தான். ஆனால் அவசரத்தில் மேலே தட்டச்சு செய்வது நிற்கும். அச்சுக்கு முன் ரீஜென் கட்டளை கொடுத்துப் புதுப்பிப்பதையும் வழக்கமாக்கினார்கள்.

டிராயிங்கிலிருந்து விவரங்களைத் தானே திரட்டும் டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன் வழியில் போகலாமே என்று கேட்கலாம். பாகங்களையெல்லாம் பிளாக்காக (பெயரிட்ட ஒரே தொகுப்பாக) வைத்து, நீளத்தையும் மீட்டர் எடையையும் ஆட்ரிப்யூட்டாக (அதோடு ஒட்டிய தகவலாக) கொடுத்தால், அந்த வசதி எண்ணிக்கையையும் தானே எடுத்துக்கொண்டு வரும். சூத்திரக் காலமும் அடியில் மொத்தமும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். எண்ணாக அமைத்த காலத்துக்குத்தான் மொத்தம் போட விடும் என்பதால் கேஜி தொல்லையும் இல்லை. நல்ல வழிதான். ஆனால் டிராயிங் வரைகிற எல்லோரும் பிளாக் ஒழுக்கத்தோடு வரைய வேண்டும். இந்த ஷாப்பில் ஒரு கஸட்டை வரைய நாலு கோடு போதும் என்று நினைக்கும் ஆட்கள்தான் அதிகம், எனவே நான் வற்புறுத்தவில்லை.

முப்பரிமாணத்தில் போனால்?

"சாலிட்ஒர்க்ஸுக்கு மாறிட்டா இந்தப் பிரச்சினையே இருக்காதுல்ல சார்?" என்று பையன் கேட்டான். அதே தூணை அந்த முப்பரிமாண மென்பொருளில் மாடலாக வரைந்து காட்டினோம். பிரச்சினை இருக்கும், வேறு உருவத்தில் வரும்.

மெட்டீரியல் கொடுக்க மறந்த பாகத்தின் எடையை சாலிட்ஒர்க்ஸ் தண்ணீரின் அடர்த்தியில், கன மீட்டருக்கு 1000 கிலோ என்று போடுகிறது. இன்னொரு முப்பரிமாண மென்பொருளான இன்வென்டரின் ஜெனரிக் மெட்டீரியலும் அதே அடர்த்திதான். தூணின் 47 கிலோ சேனல் 6 கிலோ என்று காட்டும். தனியாகப் பார்த்தால் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். நாற்பது வரிசை அட்டவணையில் ஒரு கஸட் 0.88-க்குப் பதில் 0.11 காட்டினால் யார் கண்ணிலும் படாது. இதற்கு ஒரு அடையாளம் உண்டு: கையால் போட்ட எடையை அட்டவணை எடையால் வகுத்துப் பாருங்கள். 7.85 வந்தால் மெட்டீரியல் விடுபட்டிருக்கிறது.

தசமம் வெட்டும் தொல்லை இங்கேயும் இருக்கிறது. எடை ஒரு கஸ்டம் ப்ராப்பர்ட்டியாக (பாகத்தின் ஃபைலில் பதிந்த விவரமாக) அட்டவணைக்கு வரும்போது, பாகத்தின் யூனிட் அமைப்பில் எத்தனை தசமம் வைத்திருக்கிறோமோ அத்தனையில் முழுமையாகித்தான் வருகிறது. கிலோவில் இரண்டு தசமம் என்று வைத்தால் 6.27 கிராம் எடையுள்ள எம்12 வாஷர் 0.01 ஆகும். 1.83 கிராம் எம்8 வாஷர் 0.00 ஆகும். பூஜ்யத்தை எத்தனை ஆயிரத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அட்டவணையில் எண்ணிக்கையால் பெருக்கும் சமன்பாட்டை எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும், அது வந்து சேரும் எண்ணைத்தான் பெருக்கும். தசமத்தை ஐந்தாக்க வேண்டியது பாகத்தின் டெம்ப்ளேட்டில், அட்டவணையில் இல்லை.

துணை அசெம்பிளிகளைப் படிப்படியாக விரித்துக் காட்டும் அட்டவணையில் மொத்தம் போடுவது மூன்றாவது பொறி. வெல்ட் செய்த துணை அசெம்பிளிக்கு ஒரு வரிசை, அதன் உள்ளே உள்ள பாகங்களுக்குத் தனித்தனி வரிசை. எல்லாவற்றையும் கூட்டினால் அதே இரும்பு இரண்டு தடவை எண்ணப்படும். எடை மொத்தத்துக்கு என்று பாகங்கள் மட்டும் உள்ள ஓர் அட்டவணையை வைத்துக்கொள்வதே நல்லது.

மாடலில் ஒரு பெரிய வசதி என்னவென்றால், அசெம்பிளியின் மொத்த நிறையை மாடலிடமே கேட்கலாம். அட்டவணையின் வழியே போகாத எண் அது, எனவே ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். அட்டவணையிலிருந்து விலக்கு என்று குறித்த பாகம் அட்டவணையில் வராது, ஆனால் மொத்த நிறையில் இருக்கும். மோட்டார், பம்ப் மாதிரி விலைக்கு வாங்கும் பொருளை வெளி உருவம் மட்டும் வரைந்து வைத்திருந்தால் அதன் நிறை கேட்லாக் எடையாகக் கையால் திணிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கனமான வார்ப்பிரும்பு மோட்டார் மாடலில் ஒரு தண்ணீர்க் கட்டியின் எடையில் உட்கார்ந்திருக்கும்.

எடைக் கணக்கு பிசகுவது சின்ன ஷாப்புகளில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயின் கடற்படைக்கு நவான்டியா நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த எஸ்-80 நீர்மூழ்கி 75 முதல் 100 டன் வரை எடை கூடிவிட்டது என்று 2013-இல் செய்தி வந்தது. ஒரு தசமப் புள்ளி இடம் மாறியதுதான் காரணம் என்று பாதுகாப்புத் துறையின் முன்னாள் அதிகாரி ஒருவர் பத்திரிகைகளுக்குச் சொன்னார். காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு பெரியது. மிதப்பைச் சரிக்கட்டக் கப்பலையே சுமார் 10 மீட்டர் நீட்டி மறுவடிவம் செய்ய வேண்டி வந்தது. முதல் கப்பலான ஐசக் பெரால் 2023-இல்தான் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தது.

இங்கே அவ்வளவு பெரிய சேதம் இல்லை என்றாலும் பில்லுக்கு வெளியேயும் ஒரு பாதிப்பு இருந்திருக்கும். சைட்டில் ஹைட்ரா கிரேன்காரர் தூக்கும் எடையை டிராயிங்கைப் பார்த்துத்தான் கேட்பார். நாலு தூணை ஒரே கட்டாகத் தூக்கும்போது 415 கிலோ என்று நினைத்து ஏறக்குறைய 480 கிலோவைத் தூக்குவார், ஜிங்க்கும் வெல்டும் சேர்ந்தால். கிரேனின் கையை நீட்டிய நிலையில் அந்த அறுபது கிலோவுக்கு மேலான வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

பில் முடிந்த விதம்

திருத்திய டிராயிங் அடுத்த ரிவிஷன் எண்ணோடு போனது. மாற்றக் குறிப்பில் எடை திருத்தம் என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், வரிசை வாரியாகப் பழைய எடை, புது எடை, காரணம் என்று ஒரு தனித் தாளை இணைக்கச் சொன்னேன். அது உதவியது. ஒப்பந்தக்காரரின் பில்லிங் இன்ஜினியர் முதலில் கண்ணில் எடுத்தது கூடியதை இல்லை, குறைந்த கஸட்டை. "நீங்களாவே 88 கிலோ குறைச்சிருக்கீங்களே சார்" என்று போனில் கேட்டார். தங்களுக்குப் பாதகமான திருத்தத்தையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, சேனலுக்கு 1989 எடையை ஏற்க அவர் தகராறு செய்யவில்லை. ஐஎஸ் 808-இன் எந்தப் பதிப்பு என்று மட்டும் டிராயிங் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதியிருக்க வேண்டியதுதான்.

வெல்டின் 29 கிலோ பில்லில் வரவில்லை. ஒப்பந்தத்தில் வெல்டுக்குத் தனி எடை கிடையாது. போல்ட் நீங்கலாக டிராயிங் எடை 2,776.8, எடை மேடை 2,810, குறைவானது டிராயிங் என்பதால் 2,776.8 கிலோவுக்குப் பணம் வந்தது. போல்ட் செட்டுகளை எண்ணிக்கையில், 192 என்று தனி வரியாகப் போட்டுக்கொண்டார்கள்.